ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை பார்த்த கடற்கரை ஆய்வு நிலையத்தில் இப்போது ஆராய்ச்சி செய்கிறாளாம். பழைய அலமாரியை ஒழித்தபோது என் கையெழுத்தில் ஒரு நோட்டு கிடைத்திருக்கிறது. "சார், அட்டையில 'தண்ணீர் நோட்டு'ன்னு போட்டிருக்கு. உள்ள பதினொரு இடத்துல 'மேற்படி'ங்கிற வார்த்தைய சிவப்பு மையால அடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கடைசியில வேற யாரோ ஒரு வரி எழுதியிருக்காங்க. மை கலைஞ்சு போச்சு, படிக்க முடியல. என்ன சார் நடந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பெரிசா இல்லம்மா. முள்ளெலிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு சின்னத் தகராறு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. என் வேலைக்காலம் முழுவதிலும் நான் செய்த பெரிய தப்பு அந்த நோட்டில்தான் இருக்கிறது. அதை அரைகுறையாகச் சொல்லி வைப்பது இன்னொரு தப்பு. ஆகவே முழுக்க எழுதிவிடுகிறேன்.

நான் சாத்தான்குளத்துக்காரன். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கிணற்றை எட்டிப் பார்த்து இருக்கிறது, இல்லை என்று இரண்டில் ஒன்று சொல்லும் விஷயம். தண்ணீருக்கு ஒரு நோட்டு உண்டு, அதை எழுத ஒரு ஆளை வேலைக்கு வைப்பார்கள் என்பதெல்லாம் எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடிக்கு வந்த பிறகுதான் தெரியும். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவர் அடித்துத் திருத்திய கையெழுத்து ஒன்றுதான் என் தகுதி. அதை வைத்துத் தற்காலிக ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன். சோப்புப் போடக் கூடாது, ஏழு தண்ணீர் விட்டு அலச வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது. பயிற்சி அவ்வளவுதான். ஊருக்குப் போனால் சாப்பாட்டுத் தட்டையும் ஏழு தரம் அலசினேன். கிணற்றில் தண்ணீர் இல்லாத ஊரில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அம்மா கவலைப்பட்டாள்.

எங்கள் அதிகாரியை டாக்டரம்மா என்போம். நாசரேத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ஆண்கள் போடும் தோல் செருப்பு. சிரித்து நான் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை. எங்களையெல்லாம் வா, போ என்பவர் முள்ளெலியின் கருவைப் பற்றிப் பேசும்போது மட்டும் மரியாதை குறையவே குறையாது. "சகாயம், அவிய முழிச்சிட்டாவளா பாரு" என்பார். நான் நுண்ணோக்கியில் பார்த்து, "முழிச்சிட்டாவ அம்மா" என்பேன். வெளியாட்கள் கேட்டால் உள்ளே யாரோ விருந்தாளிகள் தூங்குகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

விருந்தாளிகள் யாரென்று சொல்லிவிடுகிறேன். கடல் முள்ளெலி என்பது பாறையில் ஒட்டிக் கிடக்கும், உடம்பெல்லாம் முள்ளான உருண்டைப் பிராணி. அதன் முட்டை தெளிவானது. உள்ளே நடப்பது அத்தனையும் நுண்ணோக்கியில் தெரியும். முட்டை கருவாகி இரண்டாக, நாலாக, எட்டாகப் பிரிந்து, சில மணி நேரத்தில் நடுவே வெற்றிடம் உள்ள ஒரு பந்தாகிவிடும். இதுவரைக்கும் கரு தன் புத்தியில் எதையும் செய்வதில்லை. என்னென்ன செய்ய வேண்டும் என்று தாய் முன்பே முட்டைக்குள் செய்தி எழுதி வைத்திருக்கிறாள். அந்தக் கட்டுச்சோற்றைத் தின்றுகொண்டே பந்து வரை வந்துவிடலாம். அதற்கு மேல் பந்தின் ஒரு பக்கம் உள்ளே மடிய வேண்டும். குடலுக்கு அதுதான் தொடக்கம். அந்த மடிப்புக்குத் தாய்ச் செய்தி போதாது. கரு தன்னுடைய மரபணுக்களில் வேண்டியதை மட்டும் திறந்து, புதிதாகப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். எதைத் திறப்பது, எதை மூடி வைப்பது, எந்த மணிக்கு என்பதில்தான் உயிரின் முழு நிர்வாகமும் இருக்கிறது என்பார் டாக்டரம்மா.

படியெடுப்பதைத் தடுக்க ஒரு மருந்து உண்டு. தொடக்கத்திலேயே அதை விட்டால் கரு பந்து வரை வந்து, மடியாமல் நின்றுவிடும். இது வெளிநாட்டில் ஏற்கெனவே கண்ட சங்கதி. எங்கள் கடலின் முள்ளெலி எந்த மணிக்குள் தன் படிகளை எடுத்து முடிக்கிறது என்பதுதான் டாக்டரம்மாவின் கேள்வி. அந்த மணிக்குப் பிறகு மருந்து விட்டாலும் பயனில்லை, மடிப்பு விழுந்துவிடும். அந்த மணியைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் இரண்டாம் வருடமும் ஆராய்ச்சி தொடரும். பிடிக்காவிட்டால் டாக்டரம்மா எங்கேயோ ஒரு கல்லூரிக்குப் போய்த் தவளை அறுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதுதான்.

வேலை இப்படி நடக்கும். காலையில் முள்ளெலியின் வாய்ப்பக்கம் உப்புக்கரைசலை ஊசியால் ஏற்றிக் குலுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் மேல்பக்கத்திலிருந்து மஞ்சளாக முட்டை கசியும். அதைக் கடல்தண்ணீர் நிறைந்த குவளையின் வாயில் தலைகீழாக உட்கார வைத்தால் முட்டைகள் நூலாக இறங்கும். மல்துணியில் வடிகட்டி மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும். ஆணிடமிருந்து வரும் வெள்ளையில் ஒரு சொட்டை எடுத்துக் கலக்கி, அதிலிருந்து இரண்டு சொட்டு மட்டும் விட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு முட்டையையும் சுற்றி ஒரு வளையம் எழும். வளையம் எழுந்ததும் டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்து, "ஜெனனம்" என்று நாசரேத் உச்சரிப்பில் ஒரு அறிவிப்புச் செய்வார். பிறகு ஏழு கிண்ணங்கள். முதல் கிண்ணத்தில் வெறும் கடல்தண்ணீர். மற்ற ஆறிலும் மணிக்கு ஒன்றாக மருந்து. மருந்துக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் கிண்ணங்களின் மேல் டாக்டரம்மாவின் கறுப்புக் குடையை விரித்து வைப்போம். கூரை போட்ட அறைக்குள், மேசைமேல், நாள் முழுக்க ஒரு குடை விரித்தே இருக்கும்.

எனக்குக் கொடுத்த வேலை தண்ணீர் நோட்டு. டாக்டரம்மா தன் நோட்டை இங்கிலீஷில் எழுதுவார். என்னிடம், "நீ பாக்கறத நீ பேசுத பாஷையில எழுது. பாத்தத எழுது. நெனச்சத எழுதாத" என்றார். தேதி, நேரம், எங்கே எடுத்தது, எத்தனை பாகம், அதாவது எத்தனை கைவிரிப்பு ஆழம், உப்பளவு. உப்பளவுக்கு ஒரு மிதவைக் கண்ணாடி இருந்தது. தண்ணீரில் விட்டால் எவ்வளவு முங்குகிறதோ அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

தண்ணீர் கொண்டுவருகிறவர் சூசை அண்ணாச்சி. சங்கு குளித்தவர். மூச்சை அடக்கி அடக்கி ஒரு காது கேட்காமல் போனதும் கரையேறி, ஒரு சின்ன வள்ளம் வைத்துக்கொண்டிருந்தார். முத்துச்சிப்பி கிடக்கும் பாறைத்திட்டைக் கடற்கரையில் பார் என்பார்கள். அந்தப் பாருக்குப் போய் இரண்டு டின் தண்ணீரும், வேண்டும்போது முள்ளெலியும் எடுத்து வருவார். முதல் வாரம் அவர் கரையோரம் மோந்த தண்ணீரைக் கொண்டுவந்தபோது, டாக்டரம்மா எண்ணெய் மிதக்கிறது என்று அவர் முன்னாலேயே கொட்டினார். "பார்த் தண்ணி வேணும். அன்னன்னைக்குத் தண்ணி அன்னன்னைக்கு வேணும். தெனமும் வேணும்" என்றார். "தெனமும்தானம்மா, தந்துட்டாப் போச்சு" என்றார் சூசை அண்ணாச்சி. அந்த உரையாடல் முழுவதும் என் முன்னால்தான் நடந்தது. அதில் ஒரு ஓட்டை இருந்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை.

வாரநாட்களில் விடிந்ததும் நான் கரைக்குப் போய், வள்ளம் வருவதைப் பார்த்து, டின்னை வாங்கி, நோட்டில் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனைக்குப் போய்விட்டு நேரே ஆய்வகத்துக்கு வருவேன். டின் இரண்டும் பின்வாசலில் இருக்கும். உப்பளவு பார்ப்பேன். சனிக்கிழமை என்னவோ அதே. 'எங்கே எடுத்தது' என்ற இடத்தில் 'மேற்படி' என்று எழுதிவிடுவேன். எங்கள் அப்பா வருகைப் பதிவேட்டில் போடுகிற அதே மேற்படி, அதே சுழி.

முதல் ஞாயிறு ஏழு கிண்ணமும் பந்தோடு நின்றது. மருந்து விட்ட ஆறில் சிலது நிற்கலாம். மருந்தே விடாத முதல் கிண்ணமும் நின்றது. டாக்டரம்மா நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு அவியளுக்கு மனசில்ல" என்றார். திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக மடிந்தது. செவ்வாய், புதன், சனி வரைக்கும் மடிந்தது. அடுத்த ஞாயிறு நின்றது. அதற்கடுத்த ஞாயிறும் நின்றது.

நாலாவது வாரம் விஷயம் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஹெட்கிளார்க் சங்கரலிங்கம் அண்ணாச்சி பஞ்சாங்கத்தோடு வந்தார். "டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதிய. மடிப்பு விழுகது எத்தன மணிக்கு?"

"சாயங்காலம் அஞ்சு வாக்குல."

"ஞாயித்துக்கெழம ராகுகாலம் நாலரைலருந்து ஆறு. அதுல எவம் நல்ல காரியம் தொடங்குவான்? முள்ளெலிக்கு இருக்க அறிவு நமக்கு இல்ல."

நான் டாக்டரம்மா எரிந்து விழுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு இரண்டு மணி நேரம் முந்தியே கருவாக்கினோம். மடிப்பு மூன்று மணிக்கு விழ வேண்டும், ராகுகாலம் தொடங்கும் முன்பே. விழவில்லை. டாக்டரம்மா தன் நோட்டில் எழுதியதை எனக்கும் வாசித்துக் காட்டினார்: ராகுகாலம், விளைவு இல்லை. கர்த்தருடைய பந்தியில் சேருகிற கிறிஸ்தவர் எழுதிய வாசகம் அது. ஆனால் யாராவது ஒரு காரணம் சொன்னால் அதைச் சோதிக்காமல் தள்ளுவது அவருக்குப் பாவம்.

அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் சோதித்தோம். நுண்ணோக்கியை மாற்றினோம். குடையை மாற்றினோம். மருந்து வைத்திருக்கும் அறையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மின்விசிறி ஓடாதே என்றார்கள், ஓட்டினோம். "நாள்காட்டியப் பாத்து அவியளுக்குத் தெரிஞ்சிருக்குமோ" என்று ஹெட்கிளார்க் கேலியாகச் சொன்னதைக்கூட விடவில்லை. ஒரு ஞாயிறு முழுக்கச் சுவரில் செவ்வாய்க்கிழமைத் தாள் தொங்கியது. விளைவு இல்லை. அந்தத் தாளைப் பார்த்துச் சம்பளக் கிளார்க் ஒருவர் மட்டும், திங்கட்கிழமை வேலைக்கு வராமல் விட்டுவிட்டோம் என்று பயந்து, அதற்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை மாலை கருவாக்கி, சனிக்கிழமைத் தண்ணீரிலேயே ஞாயிறு காலைக்கு வரவிட்டோம். அவை ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மடிந்தன. ஆக, ஞாயிற்றுக்கிழமை கருவாகிறவர்களுக்குத்தான் இந்த விரதம் என்று ஆனது. "பேசாம ஞாயித்துக்கெழமைய விட்டுருவோமே" என்றார் ஹெட்கிளார்க். "வசதிப்படாதத விட்டுட்டா அது ஆராய்ச்சி இல்ல, சமையல்" என்றார் டாக்டரம்மா.

இதற்கு நடுவில் நான் வாயை அடக்காமல் ஒரு காரியம் செய்தேன். எங்கள் சபை ஐயரிடம், அதாவது பாதிரியாரிடம், இந்த அதிசயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் அதை அடுத்த வாரப் பிரசங்கமாக்கினார். சமுத்திரத்தின் ஆழத்தில் கிடக்கும் முள்ளுள்ள பிராணிகூட ஓய்வுநாளை ஆசரிக்கிறது, நாமோ ஆராதனை முடியுமுன் செருப்பைத் தேடுகிறோம் என்றார். அன்று சாயங்காலம் சபையார் முப்பது பேர் ஆய்வகத்துக்கு வந்துவிட்டார்கள். வரிசையில் நின்று நுண்ணோக்கியில் பார்த்து, "நிக்காவ, நிக்காவ" என்று கண்கலங்கிப் போனார்கள். ஒரு அம்மா கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி வைக்கலாமா என்று கேட்டார். மருந்துக்கு வெளிச்சம் ஆகாது என்று சொல்லி அனுப்பினோம்.

சிரிப்பாகத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தக் கூத்தின் நடுவில் ஒரு நாள் டாக்டரம்மா என்னிடம் கேட்ட கேள்வியில் எனக்குச் சிரிப்பு இல்லை. ஆறாவது வாரம், திங்கட்கிழமை காலை, என் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"சகாயம், தண்ணிய மாத்திப் பாக்கலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கெழமத் தண்ணியும் பார்லருந்துதான வருது? நீ பாத்தியா?"

என் தற்காலிக வேலைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. நிரந்தரமாக்கும் கடிதம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பார்க்காமல் எழுதினேன் என்று சொன்னால் அந்தக் கடிதம் என்ன ஆகும் என்பது ஒரு கணத்தில் கண்முன் வந்தது. அதைவிட, தண்ணீர் வேறு எங்கிருந்து வந்துவிடப் போகிறது என்ற அலட்சியமும் இருந்தது.

"பாத்தேன் அம்மா" என்றேன்.

"சரி, அப்ப தண்ணி இல்ல" என்று தன் பட்டியலில் தண்ணீரை அடித்துவிட்டார். நுண்ணோக்கியைச் சந்தேகப்பட்டார், மருந்தைச் சந்தேகப்பட்டார், கிழமையை, ராகுவை, தன் கண்ணையே சந்தேகப்பட்டார். என்னைப் பற்றி இரண்டாவது தடவை அவர் யோசிக்கவே இல்லை.

பதினொரு ஞாயிறு ஆயிற்று. வேறு காரணம் எதுவும் மிஞ்சவில்லை. டாக்டரம்மா ஒரு குறிப்பு எழுதினார். கருக்களின் படியெடுப்பு ஏழு நாளுக்கு ஒருமுறை அடங்குகிறது, காரணம் தெரியவில்லை, நான் கண்டது இது, அவ்வளவே. அதைத் தட்டச்சு செய்து, வெளிநாட்டுப் பத்திரிகைக்கு முகவரி எழுதிய உறையில் போட்டு, ஒட்டாமல் மேசைமேல் வைத்தார். பம்பாயிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. இரண்டாம் வருடம் உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறவர். வருகிற நாளும் ஞாயிறு. அவர் கண்ணாலும் பார்த்துவிட்டால் திங்கட்கிழமை உறையை ஒட்டித் தபாலில் சேர்ப்பது என்று ஏற்பாடு.

அந்த சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக நான் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் திருச்செந்தூர் வழியாகத் திரும்பினேன். தூத்துக்குடிக்குள் நுழையுமுன் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். ஜன்னலோரம் தூங்கி வழிந்தவன் ஒரு திருப்பத்தில் கண்ணைத் திறந்தால், பாத்தி வரப்பில் சூசை அண்ணாச்சி. பூசைக்குப் போகிற வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை. பக்கத்தில் சைக்கிள். சைக்கிளில் எங்கள் இரண்டு டின்கள். குனிந்து விரலை டின்னுக்குள் விட்டு நாக்கில் வைத்து, வானத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினேன்.

"அண்ணாச்சி, இங்கன என்ன பண்ணுதிய?"

"வாலே சகாயம். கோயிலுக்குப் போவலியா நீ?"

"இது எங்க தண்ணியா?"

"ஆமாலே, அந்தம்மாவுக்குத்தான்."

"கடல்ல எடுக்கலியா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல இருந்தது. "ஞாயித்துக்கெழமையா? ஞாயித்துக்கெழம எவம்லே கடலுக்குப் போவான்? ஒரு வள்ளமாவது எறங்கிப் பாத்திருக்கியா? எங்கப்பன் போவல, எங்க பாட்டன் போவல. ஊர்க்கமிட்டி சும்மா விடுமா?"

"தெனமும் தாரேன்னு சொன்னியளே."

"ஒரு நாளாவது கொறஞ்சிருக்கா? சொல்லு."

"கரையில மோந்திருக்கலாம்லா."

"கரைத்தண்ணியத்தான் அந்தம்மா என் முன்னால கொட்டுனாவளே."

"சனிக்கெழமையே ரெண்டு டின் கூட எடுத்து வச்சிருந்தா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அன்னன்னைக்குத் தண்ணி அன்னன்னைக்குன்னு சொல்லியிருக்காவ. சனிக்கெழமத் தண்ணியக் கொண்டுபோயி இது இன்னைக்குத் தண்ணின்னு வச்சா அது பொய்யில்லாலே? நான் அப்படிப்பட்ட ஆளா?"

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். அந்த அளத்தில் அவருடைய மச்சினன் வேலை பார்க்கிறான். பாத்தித் தண்ணீரும் கடல்தான், வெயில் குடித்தது போக மிச்சம். வெயில் குடித்ததைத் திருப்பி ஊற்றிவிட்டால் பழைய கடல் ஆகிவிடும். அதற்காக வீட்டுக் குசினிக் குடத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நாக்கில் வைத்துப் பார்த்துக் கடலாக்குகிறார். "நாப்பது வருசம் முங்கிக் குடிச்ச தண்ணி. என் நாக்குக்குத் தெரியாதா? வச்சுப் பாரு" என்றார். வைத்துப் பார்த்தேன். கடலேதான். எங்கள் மிதவைக் கண்ணாடியும் பதினொரு வாரமாக அதைத்தான் சொல்லியிருக்கிறது.

அவர் சைக்கிளைத் தள்ள, நான் டின்னைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் இரண்டு யோசனை. பேசாமல் இருந்தால் என் கடிதம் வரும், டாக்டரம்மாவின் உறையும் போகும். உலகத்தில் எவனாவது ஒருவன் தன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை முள்ளெலியை எடுத்துச் சோதிப்பான். அவை கிழமை பாராமல் மடியும். பிறகு டாக்டரம்மாவின் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாகத்தான் கனத்தது. சூசை அண்ணாச்சி பக்கத்தில் நடந்து வந்ததுதான் என்னைத் தப்பவிடவில்லை. சனிக்கிழமைத் தண்ணீரை ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் என்று சொல்லக் கூசிய மனுஷன் அவர்.

ஆய்வகத்தில் பேராசிரியர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பம்பாய் என்றாலும் தஞ்சாவூர்க்காரர், தமிழ் தெரிந்தவர். ஹெட்கிளார்க் புதுச் சட்டையோடு நின்றார். நான் டின்னைத் தரையில் வைத்தேன்.

"டாக்டரம்மா, இந்தத் தண்ணி கடல்ல எடுத்தது இல்ல."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"போன ஞாயித்துக்கெழம?"

"பாக்கல."

"அதுக்கு முந்தி?"

"ஒரு ஞாயித்துக்கெழமையும் பாக்கல அம்மா. மேற்படி போட்டேன். நீங்க கேட்டப்போ பாத்தேன்னு சொன்னது பொய்."

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ உங்க ஜீன் எதுவும் ரஜா எடுக்கலையா அம்மா?" என்றார். டாக்டரம்மா அவரைப் பார்க்கவே இல்லை, என்னையும் பார்க்கவில்லை. சூசை அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஒரு நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் செய்கிற முறையை முதலிலிருந்து கேட்டார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி, "ஜிப்சம் படிஞ்ச பாத்தியா, படியாததா?" என்றார்.

"படிஞ்ச பாத்திதாம்மா. அதுக்குப் பெறகுதான் தண்ணி தெளிஞ்சு கண்ணாடியா இருக்கும். உங்களுக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தேன்."

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஜிப்சம் படியும்போது தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அதோடு அடியில் போய்விடும். பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் உப்பு சரியாகும், சுண்ணாம்பு திரும்பாது. சுண்ணாம்பு குறைந்தால் கருவின் செல்கள் ஒன்றையொன்று சரியாகப் பிடித்துக்கொள்ளாது. பந்து பந்தாகவே நின்றுவிடும். அவர் ஒரு விரலை டின்னில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடல்தான்" என்றார். பிறகு சிரித்தார். நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

அடுத்த நிமிடம் வேலை தொடங்கிவிட்டது. மூன்று கிண்ணம். ஒன்றில் சனிக்கிழமை மீந்த தண்ணீர். ஒன்றில் சூசை அண்ணாச்சியின் தண்ணீர். ஒன்றில் அதே தண்ணீரோடு அளந்து சேர்த்த கால்சியம் உப்பு. மருந்து எதிலும் இல்லை. பேராசிரியர் மதிய ரயிலுக்குப் போக வேண்டியவர், போகவில்லை. மாலை, முதல் கிண்ணத்தில் மடிப்பு விழுந்தது. மூன்றாவதிலும் விழுந்தது. நடுவில் இருந்தது பந்தாகவே சுற்றிக்கொண்டிருந்தது. பேராசிரியர் நுண்ணோக்கியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ஒரு டின் தண்ணிய வச்சு இவ்வளவு சுத்தமா ஒரு சோதனை நான் பார்த்ததில்லை" என்றார். ஹெட்கிளார்க் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக் கலங்கி நின்றார். "அஞ்சே கால். ராகுகாலத்துலயே மடிஞ்சிட்டாவளே" என்றார்.

சூசை அண்ணாச்சிக்கு மாட்டிக்கொண்டதில் வருத்தமில்லை. அவர் நடுக்கிண்ணத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கடலுக்குள்ள சுண்ணாம்பு கெடக்குன்னு ஒருத்தனும் எனக்குச் சொல்லலியேலே" என்றார். அவர் நாக்கு ஏமாந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எங்கள் ஐயரிடம் போய் விவரம் சொல்லி, பிரசங்கத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். "எதுக்குடே? முள்ளெலி ஓய்வுநாள ஆசரிக்கல, சரி. சூசை ஆசரிச்சாருல்லா? பிரசங்கம் செல்லும்" என்றுவிட்டார்.

பேராசிரியர் போன பிறகு டாக்டரம்மா அந்த உறையைப் பிரித்து, தாள்களைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் திங்கட்கிழமைக்கு அட்டவணை போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். பதினொரு மேற்படியையும் அடிக்கச் சொன்னார். கீறி அழிக்கக் கூடாது, ஒரே கோடு, அடியில் உள்ளது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து. பதினொன்றும் போட்டு முடித்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, என்னிடம் படிக்கக் கொடுத்தார்.

'பதினொன்றும் சகாயத்தின் பிழை. பன்னிரண்டாவது என்னுடையது. எல்லாவற்றையும் சோதித்தேன். இவன் சொன்னதை மட்டும் சோதிக்கத் தோன்றவில்லை.'

நான் அழுதுவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிரந்தரக் கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. அந்த மணியையும் அடுத்த வருடம் பிடித்தோம். அன்றைக்கு அவர் சிரித்தது இரண்டாவது தடவை. ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் நான் எந்த நோட்டிலும் மேற்படி போட்டதில்லை. என் ரேஷன் அட்டை விண்ணப்பத்தில்கூட முகவரியை இரண்டு தடவை முழுக்க எழுதியிருக்கிறேன்.

நேற்று அந்தப் பெண்ணை அழைத்து, கடைசி வரி என்னவென்று சொன்னேன். அவள், "சார், மை கலைஞ்ச எடத்துக்குக் கீழே இத நான் எழுதி வச்சிரட்டுமா?" என்று கேட்டாள்.

"நீ அதப் படிச்சியாம்மா?"

"இல்ல சார். நீங்க சொன்னீங்க."

"அப்ப அப்படியே எழுது. படிக்க முடியவில்லை. சகாயம் சொன்னார்."